கிமுரா: ஒரு பிடிக்குப் பெயராகிப்போன மனிதர்

பிரேசில் ஜியு-ஜிட்சு பழகச் சேரும் எவருக்கும் முதல் சில வாரங்களிலேயே அறிமுகமாகிவிடும் சொல் கிமுரா. எதிராளியின் மணிக்கட்டை ஒரு கையால் பற்றிக்கொள்ள வேண்டும். மறு கையை அவருடைய மேற்கையைச் சுற்றிச் செலுத்தி, நம் மணிக்கட்டை நாமே பிடித்துக்கொண்டால் ஒரு பூட்டு விழும். அந்தப் பூட்டைத் தளர்த்தாமல் அவர் கையை முதுகுப்புறமாகத் திருப்பினால் தோள்மூட்டு தாங்காது. பிடிபட்டவர் பாயைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். தட்டாமல் பிடிவாதம் பிடித்தால் மூட்டு போய்விடும்.

என்னோடு பழகும் நண்பர்கள் பலர் கிமுரா என்றால் ஜப்பானிய மொழியில் பூட்டு என்று பொருள் போலும் என நினைத்திருக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. பிரேசில் ஜியு-ஜிட்சுவின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் ஹீலியோ கிரேசியை அதே பிடியில் வீழ்த்தியவர் அவர். தோற்ற தரப்பே வென்றவரின் பெயரை அந்தப் பிடிக்குச் சூட்டிக்கொண்டது. விளையாட்டு உலகில் இப்படி ஒரு பெருந்தன்மையை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் ஒரு ஜப்பானிய மற்போர் வீரருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மண்டேலாவும் ஹெலன் கெல்லரும் இடம்பெறும் பக்கங்களில் மசாஹிகோ கிமுராவும் இருந்துவிட்டுப் போகட்டுமே! தவிர, ஏதேனும் ஒரு கலையைப் பழகும் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் எழும் கேள்வி அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. ஆசிரியர் பத்துப் பேருக்கும் ஒரே நுட்பத்தைத்தான் காட்டுகிறார். அப்படியிருக்க, ஒருவருக்கென்று ஒரு பாணி எங்கிருந்து வருகிறது? பரதம் பழகுபவரும் மிருதங்கம் வாசிப்பவரும் மேடைப் பேச்சுக்குத் தயாராகுபவரும் கேட்கும் கேள்விதான் இது.

கிமுரா 1917 செப்டம்பர் 10ஆம் நாள் ஜப்பானின் தென்பகுதியான கியூஷு தீவில், குமாமோத்தோ என்ற ஊரில் பிறந்தார். குடும்பம் வறுமையில் உழன்றது. தந்தை ஆற்றுப்படுகையில் மணலும் கல்லும் அள்ளி விற்றுப் பிழைத்தவர். சிறுவன் கிமுராவும் பள்ளி விட்டதும் ஆற்றில் இறங்கித் தந்தைக்கு உதவியாக மணல் அள்ளினான். ஓடும் நீரின் இழுப்பைத் தாங்கிக் கால் ஊன்றி நின்று, அள்ளிய சுமையை இடுப்பின் பலத்தால் தூக்க வேண்டிய வேலை அது. பிற்காலத்தில் அவருடைய இடுப்பையும் கால்களையும் அசைக்க முடியாமல் பெரிய வீரர்களெல்லாம் திணறினார்கள். அந்த உறுதிக்கு அடித்தளம் ஆற்றிலேயே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். உடற்பயிற்சிக் கூடத்தில் மாதக் கட்டணம் கட்டி நாம் தேடுவதை அவருக்கு ஏழ்மை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. இதில் மகிழ்வதற்கு ஒன்றுமில்லைதான்; ஆனாலும் உண்மை.

பத்து வயதை ஒட்டிய பருவத்தில் ஊரிலிருந்த பழைய மரபு ஜுஜுட்சு கூடம் ஒன்றில் சேர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே ஊரில் அவருக்கு நிகரில்லை என்றாயிற்று. அப்போதுதான் தட்சுகுமா உஷிஜிமாவின் கண்ணில் பட்டார்.

உஷிஜிமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவரும் குமாமோத்தோக்காரர். அரக்கன் என்ற அடைமொழியோடு அழைக்கப்பட்ட, பட்டங்கள் பல வென்ற ஜூடோ வீரர். ஆனால் ஜப்பானியப் பேரரசரின் முன்னிலையில் நடைபெறும் போட்டி மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. 1929இல் இறுதிச் சுற்று வரை வந்து தோற்றார். 1934இல் நோயுற்ற உடலோடு களமிறங்கி மீண்டும் தோற்றார். தான் எட்டாததை எட்ட ஒரு மாணவனைத் தேடியவருக்குச் சொந்த ஊரிலேயே கிமுரா கிடைத்தார். 1935இல் தோக்கியோவுக்கு அழைத்துச் சென்று, தக்குஷோக்கு பல்கலைக்கழகத்தின் முன்னிலை வகுப்பில் சேர்த்து, தன் வீட்டிலேயே தங்கவைத்துப் பழக்கினார். ஆசிரியரின் நிறைவேறாத ஆசையைச் சுமக்கும் மாணவர்களை நாமும் அறிவோம். அது எவ்வளவு பாரமானது என்பதையும் அறிவோம்.

தோக்கியோவில் கிமுராவின் வளர்ச்சி வேகமானது. 1882இல் ஜிகோரோ கானோ நிறுவிய கோடோகன்தான் ஜூடோவின் தலைமையகம். அங்கே எதிராளிகள் எட்டுப் பேரை வரிசையாக வென்று 18ஆம் வயதில் ஐந்தாம் டான் தகுதியைப் பெற்றார். அந்த வயதில் அது அரிய சாதனை. உயரம் ஏறத்தாழ 170 சென்டிமீட்டர், எடை 85 கிலோ. பேருருவம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே தொடக்கக் காலத்தில் சில தோல்விகளும் வந்தன. வாழ்நாளில் அவர் ஜூடோவில் தோற்றவை நான்கே போட்டிகள் என்பர். அவையெல்லாம் இந்தக் காலத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் குறிப்பிடத்தக்கது கென்ஷிரோ ஆபேயிடம் அடைந்த தோல்வி. பின்னாளில் பிரிட்டனுக்குச் சென்று ஜூடோவும் ஐக்கிடோவும் பரப்பிய அதே ஆபேதான். எதிர்த்து முட்டாமல், வரும் விசைக்கு இசைந்து கொடுத்தே ஆளைக் கவிழ்ப்பது அவர் பாணி. ஆற்று மணலில் ஊன்றி வளர்ந்த கிமுராவின் பலத்துக்கு அங்கே மோதிக்கொள்ளச் சுவரே கிடைக்கவில்லை. ஜூடோவையே விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட அப்போது அவருக்கு வந்தது. நண்பர்கள் தேற்றித் திருப்பினார்கள்.

இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று யோசித்தேன். ஆபேயின் மென்மையான பாணியில் தோற்ற ஒருவர் அடுத்து என்ன செய்வார்? அந்த மென்மையைத் தானும் கற்க முயல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். கிமுரா அப்படிச் செய்யவில்லை. தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை யாராலும் தாங்க முடியாத அளவுக்குக் கூர்மையாக்கத் தொடங்கினார். அதுதான் ஒசோட்டோ-காரி என்ற வீழ்த்து முறை.

பார்ப்பதற்கு அது எளிய நுட்பம்தான். எதிராளியின் பக்கவாட்டில் நெருங்கி, அவருடைய எடை முழுவதும் ஒரு காலின் குதிகாலில் விழும்படி மேலுடலைச் சாய்க்க வேண்டும். அதே கணத்தில் நம் காலை வெளிப்புறமாகக் கொண்டுபோய் அந்தக் காலைப் பின்னாலிருந்து வாரிவிட வேண்டும். அவர் மல்லாந்து விழுவார். ஜூடோ பழகும் சிறுவர்கள்கூடத் தொடக்கத்திலேயே கற்பது இது. ஆனால் கிமுரா ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதில் பட்டையைக் கட்டி, அதையே எதிராளியின் சட்டையாகப் பாவித்து இழுத்து, அடிமரத்தைக் காலால் வாரினார். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை என்று அவரே எழுதியிருக்கிறார். தன் கதையைத் தானே எழுதுபவர்கள் எண்ணிக்கையைச் சற்று ஊதிவிடுவது உண்டு. ஐந்நூறு என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு மலைப்புக் குறையவில்லை.

மரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை எங்கள் பயிற்சியாளர் ஒருமுறை விளக்கினார். மனிதன் நம்மோடு ஒத்துழைத்துவிடுவான். நண்பனென்றால் இன்னும் மோசம். நாம் சோர்ந்திருப்பதைப் பார்த்து அவனே விழுந்து கொடுப்பான். மரம் அப்படி விழாது. இடுப்பு, தோள், கை, கால் எல்லாம் ஒரே கணத்தில் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் அடி நம் காலுக்கே திரும்பி வரும். பிழையை உடனுக்குடன் சொல்லிவிடும் ஆசிரியர் மரம். இது மரத்தைப் பற்றிய கிமுராவின் விளக்கமன்று, எங்கள் பயிற்சியாளருடையது. ஆனாலும் பொருத்தமாகப்படுகிறது.

அந்தப் பயிற்சி முடிந்து கூடத்துக்குத் திரும்பிய கிமுராவோடு மோதியவர்கள் பின்மண்டை அடிபட்டு மயங்கி விழத் தொடங்கினார்கள். கடைசியில் பயிற்சியின்போது ஒசோட்டோ-காரியை மட்டும் போட வேண்டாம் என்று உடன் பழகுபவர்கள் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

மற்றவர்களைப் போல மூன்று மடங்கு உழைப்பது என்பதையும் அந்நாளில்தான் அவர் விரதமாக எடுத்துக்கொண்டார். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கும் மேலான பயிற்சி. பல்கலைக்கழகக் கூடம், காவல்துறைக் கூடம், கோடோகன் என்று ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தார். இதற்கிடையே கராத்தேயும் கற்றார். முதலில் கிச்சின் ஃபுனாகோஷியிடமும் பிறகு கோஜு-ரியு மரபைச் சேர்ந்த சோ நெய்ச்சுவிடமும் பழகினார். குத்துச்சண்டைக்காரராகும் எண்ணம் எதுவும் அவருக்கில்லை. வைக்கோல் சுற்றிய பலகையில் குத்திப் பழகினால் மணிக்கட்டு உறுதிப்படும். மணிக்கட்டு உறுதிப்பட்டால் சட்டையைப் பிடிக்கும் பிடியும் இழுப்பும் வலுக்கும். வேறொரு கலையிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தரையில் கிடந்து போராடும் முறையிலும் அவர் வல்லவர். அக்காலத்து ஜப்பானிய உயர்கல்விக் கூடங்களிடையே நடந்த போட்டிகளில், நின்று வீழ்த்துவதைவிடத் தரையில் மடக்கிப் பிடிப்பதற்கே மாணவர்கள் பெரிதும் பழகினார்கள். கோசென் ஜூடோ என்று அதற்குப் பெயர். அந்தப் போட்டிகளிலும் கிமுரா தக்குஷோக்கு அணிக்காகக் களமிறங்கினார். உடே-கராமி என்னும் கைப்பூட்டு அவருடைய தனிச்சிறப்பானது இந்தச் சூழலில்தான். கையைப் பின்னிப் பிடித்தல் என்பது அதன் பொருள். நின்றால் ஒசோட்டோ-காரி, விழுந்தால் உடே-கராமி. பார்வையாளர்களுக்கும் எதிராளிக்கும் இது முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாமற் போனதுதான் கிமுராவின் பாணி.

நானும் இரண்டாண்டுகளாகப் பாயில் உருளுகிறேன். எங்கள் கூடத்தில் பேசுவது மலாயும் ஆங்கிலமும். நுட்பங்களின் பெயர்களோ போர்த்துகீசும் ஜப்பானும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, புகுமுக வகுப்பில் திடீரென்று எல்லாம் மலாயாக மாறியபோது தலை சுற்றிய அனுபவம் இருப்பதால் எனக்கு இது பழகிப்போன கலவரம்தான். என் கால்கள் குட்டை. கால்களால் எதிராளியின் கழுத்தைச் சுற்றி முக்கோணம் போட்டு நெரிக்கும் பிடி நெட்டையான நண்பர்களுக்கு அழகாக வாய்க்கும்; எனக்குக் கணுக்கால் எட்டவே எட்டாது. எனக்கு வசப்பட்டது கிமுராதான். நெருங்கி நின்று, மார்போடு அணைத்து, முதுகின் பலத்தால் திருப்பும் பிடி அது. பெயருக்குரியவரும் நெட்டையரல்லர் என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உடல்வாகு நமக்குப் பாதிப் பாணியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது போலும். மீதிப் பாதிக்குத்தான் மரம் வேண்டியிருக்கிறது.

இனி வெற்றிகள். 1937, 1938, 1939 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அனைத்து ஜப்பான் ஜூடோ பட்டத்தைக் கிமுரா வென்றார். 1940இல் பேரரசர் முன்னிலைப் போட்டியிலும் வாகை சூடினார். உஷிஜிமாவின் பதினோராண்டு ஏக்கம் மாணவனால் தீர்ந்தது. கிமுராவுக்கு அப்போது வயது 22. என் வயதுதான்!

பிறகு போர் வந்தது. ஜப்பானியப் படை என்றவுடன் நம் தாத்தா பாட்டிமார் முகம் எப்படி மாறும் என்பது மலேசியத் தமிழர் ஒவ்வொருவருக்கும் தெரியும். சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை ஆயிரம்! கிமுராவும் 1942இல் படையில் சேர்க்கப்பட்டார் என்று படித்தபோது எனக்கு ஒரு நெருடல் ஏற்பட்டது. அவர் பணியாற்றியது கியூஷுவில், விமானத் தாக்குதலைத் தடுக்கும் பீரங்கிப் பிரிவில். நம் மண்ணுக்கு வந்தவரல்லர். அதைத் தெரிந்துகொண்ட பிறகே என்னால் மேலே படிக்க முடிந்தது. ஒரு மனிதரின் திறமையை வியப்பதும் அவர் நாட்டின் செயலை மறவாதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று நான் கருதவில்லை.

1945இல் ஜப்பான் சரணடைந்தது. நேச நாட்டுப் படையினரின் ஆட்சியில் பள்ளிகளில் தற்காப்புக் கலைகள் தடை செய்யப்பட்டன. ஜூடோவைத் தவிர வேறெதுவும் அறியாதவர் என்ன செய்வார்? நல்ல வயதெல்லாம் பயிற்சியிலும் போரிலும் போய்விட்டது. 1949இல் மீண்டும் அனைத்து ஜப்பான் போட்டியில் இறங்கி, இறுதிச் சுற்றில் தக்காஹிக்கோ இஷிகாவாவுடன் சமநிலை கண்டார். இருவருமே வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டனர். ஆனால் பட்டம் சோறு போடவில்லை. வீட்டில் மனைவி காசநோயால் படுத்த படுக்கையாக இருந்தார். அன்று புதிதாக வந்திருந்த ஸ்டிரெப்டோமைசின் மருந்துக்குப் பெரும்பணம் வேண்டியிருந்தது.

1950இல் உஷிஜிமா தொழில்முறை ஜூடோ அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். கட்டணம் வாங்கி மக்களுக்குப் போட்டி காட்டுவது திட்டம். கிமுராதான் அதன் நட்சத்திரம். சில மாதங்களிலேயே கூட்டம் குறைந்து, ஊதியம் நின்றுபோனது. ஆசிரியரை விட்டு விலகி, ஹவாய்க்கும் பிறகு பிரேசிலுக்கும் கிமுரா பயணமானார். மருந்துக்கு வேண்டிய பணம் வெளிநாட்டில்தான் கிடைத்தது. தன்னை உருவாக்கிய ஆசிரியரா, நோயுற்ற மனைவியா என்ற நிலையில் அவர் எடுத்த முடிவு அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரேசிலில் அப்போது கிரேசி குடும்பத்தின் பெயர் கொடிகட்டிப் பறந்தது. அதன் வேரும் ஜப்பான்தான். கோடோகனில் பயின்ற மிட்சுயோ மயேடா நாடு நாடாகச் சுற்றிப் போட்டியிட்டு, 1914இல் பிரேசிலுக்கு வந்து, பிறகு அமேசான் பகுதியிலுள்ள பெலெம் நகரில் குடியேறியவர். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸின் தம்பி ஹீலியோ மெலிந்த உடம்புக்காரர். பலத்தைக் கொண்டு செய்யும் நுட்பங்கள் தன் உடம்புக்கு ஒத்துவராததால், நெம்புகோல் தத்துவத்தை நம்பி, மல்லாந்து கிடந்தபடியே கால்களால் எதிராளியைத் தடுத்துக் காத்திருந்து மடக்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். இதுவும் ஒரு தனிப்பாணிதான். கிமுரா தன் பலத்திலிருந்து பாணியை உருவாக்கினார். ஹீலியோ தன் பலவீனத்திலிருந்து உருவாக்கினார். இரண்டும் ஒரே கோடோகன் மரத்தின் கிளைகள்.

கிமுராவோடு வந்திருந்த இளைய வீரர் யுக்கியோ காட்டோ முதலில் ஹீலியோவுடன் மோதினார். ரியோவில் நடந்த முதற்போட்டி சமநிலையில் முடிந்தது. சாவ் பாவ்லோவில் நடந்த இரண்டாவது போட்டியில் ஹீலியோ காட்டோவின் கழுத்தை நெரித்து மயங்க வைத்தார். அடுத்து கிமுரா.

1951 அக்டோபர் 23. இடம், அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடந்த மரக்கானா அரங்கம். கிமுராவுக்கு வயது 34, ஹீலியோவுக்கு 38. எடையில் கிமுராவைவிட ஹீலியோ பதினைந்து கிலோவுக்கும் மேல் குறைந்தவர். பத்து நிமிடச் சுற்றுகள். வீழ்த்தினால் வெற்றியில்லை, எதிராளி பணிய வேண்டும் அல்லது மயங்க வேண்டும் என்பது விதி. ஜூடோவில் ஒருவரை முதுகு படும்படி வீசினாலே ஆட்டம் முடிந்துவிடும். இங்கே அது கணக்கில் வராது.

கிமுரா ஹீலியோவைத் திரும்பத் திரும்பத் தூக்கி வீசினார். பாய் மென்மையாக இருந்ததால் ஹீலியோவுக்குப் பெரிய அடி எதுவும் படவில்லை. தரையில் அழுத்தி மூச்சுத் திணற வைத்தும் ஹீலியோ பணியவில்லை. அப்போட்டியின்போது ஒரு கட்டத்தில் தான் மயங்கிவிட்டதாகவும், கிமுரா பிடியை மாற்றியதால் நினைவு திரும்பியதாகவும் ஹீலியோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முதற்சுற்று அப்படியே முடிந்தது. இரண்டாம் சுற்றில் ஒசோட்டோ-காரி போட்டு வீழ்த்தி, விழுந்தவரின் கையைப் பற்றி உடே-கராமியில் பூட்டினார். மரத்தடியில் பழகிய நுட்பமும் கோசென் பாயில் பழகிய நுட்பமும் அடுத்தடுத்து வந்து நின்றன. கை முதுகுப்புறம் திரும்பியது. ஹீலியோ தட்டவில்லை. கிமுரா மேலும் திருப்பினார். எலும்பு முறியும் ஓசை கேட்டதாகக் கிமுரா எழுதுகிறார். அப்போதும் ஹீலியோ தட்டவில்லை. இரண்டாம் சுற்றின் மூன்றாவது நிமிடம், அண்ணன் கார்லோஸ் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்.

தோற்றும் பணியாத ஹீலியோவின் மனத்திண்மையைக் கிமுரா தன் நூலில் மனமாரப் பாராட்டியிருக்கிறார். கிரேசி குடும்பமும் அத்தோல்வியை மறைக்கவில்லை. தங்களை வீழ்த்திய பிடியைத் தங்கள் பாடத்திட்டத்தில் வைத்து, அதற்குக் கிமுரா என்று பெயரும் இட்டார்கள். கை எதிர்த்திசையில், தலைப்பக்கமாக மடங்கும் வடிவத்துக்குப் பிரேசிலில் அமெரிக்கானா என்று வேறு பெயர். ஜூடோவில் இரண்டுமே உடே-கராமிதான்.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நாடு திரும்பிய கிமுரா தொழில்முறை மல்யுத்தக் காட்சிகளில் இறங்கினார். ஜப்பானில் தொலைக்காட்சி 1953இல்தான் வந்தது. தெருவோரம் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று மல்யுத்தம் பார்த்த காலம் அது. அந்தக் காட்சிகளின் நாயகன் ரிக்கிடோசான். கொரியாவில் பிறந்த முன்னாள் சுமோ வீரர். 1954 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஷார்ப் சகோதரர்களுக்கு எதிராக இருவரும் ஓரணியில் நின்றார்கள். கிமுரா அடி வாங்குவார், ரிக்கிடோசான் வந்து காப்பாற்றுவார். திரும்பத் திரும்ப இதே காட்சி. யாரும் அசைக்க முடியாத வீரர், எழுதிவைத்த கதைக்காகப் பலர் பார்க்க விழுந்துகொண்டிருந்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் இருவரும் தோக்கியோவில் நேருக்கு நேர் மோதினார்கள். சமநிலையில் முடிப்பதென்று முன்கூட்டியே ஒப்பந்தம். நடுவில் ரிக்கிடோசான் ஒப்பந்தத்தை மீறி, எதிர்பாராமல் நின்ற கிமுராவைச் சரமாரியாகத் தாக்கினார். கிமுரா இரத்தம் சிந்த மயங்கி விழுந்தார். நாடு முழுவதும் அதைப் பார்த்தது. பார்த்தவர்களுக்கு ஒப்பந்தம் தெரியாது; கிமுரா தோற்றார் என்பது மட்டுமே தெரியும். 2011இல் தொஷினாரி மசுதா எழுதி, பின்னர் ஓயா சோய்ச்சி விருது பெற்ற வாழ்க்கை வரலாற்று நூலுக்கு, ரிக்கிடோசானைக் கிமுரா ஏன் கொல்லவில்லை என்ற கேள்வியே தலைப்பாக இருக்கிறது. அந்த அவமானம் அவ்வளவு ஆழமானது. ரிக்கிடோசான் செய்தது துரோகம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெற்றி தோல்வியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் இடத்துக்குக் கிமுரா தாமாகத்தான் போனார். ஒன்பது மணி நேரம் உழைத்துச் செதுக்கிய பாணிக்கு அந்த மேடையில் எந்த மதிப்பும் இருக்கவில்லை. அதுதான் எனக்கு அடியைவிடப் பெரிய வலியாகத் தெரிகிறது. ரிக்கிடோசான் 1963இல் கத்திக்குத்துக்கு ஆளாகி இறந்துபோனார்.

கோடோகனும் கிமுராவிடமிருந்து விலகி நின்றது. முப்பது வயதிலேயே ஏழாம் டான் பெற்றிருந்த அவருக்கு அதற்கு மேல் ஒரு படிகூடக் கிடைக்கவில்லை. தொழில்முறைக்குப் போனது, பிரேசிலில் தாமே தகுதிப் பட்டைகள் வழங்கியது எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அமைப்பு என்று ஒன்று இருந்தால் விதிகளும் இருக்கும்தான். ஆனால் அடுத்த 40 ஆண்டுகளுக்கு மேல் ஒருவரை அதே படியில் நிறுத்தி வைப்பது எனக்கு நீதியாகப் படவில்லை.

1960களின் தொடக்கத்தில் அவர் படித்த தக்குஷோக்கு பல்கலைக்கழகமே அவரைப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. தளர்ந்திருந்த மனிதருக்கு மாணவர்கள் கிடைத்தார்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் கனடாவுக்காக வெள்ளிப் பதக்கம் வென்ற டக் ரோஜர்ஸ் அவரிடம் பயின்றவர். கனெயோ இவட்சுரி 1971இல் அனைத்து ஜப்பான் பட்டத்தை வென்றார். தமக்கு உஷிஜிமா செய்ததைக் கிமுரா இவட்சுரிக்குச் செய்தார் எனலாம். தமக்குத் தெரிந்த ஒரே வழியில், கடுமையாகத்தான் பழக்கினார்.

1993 ஏப்ரல் 18ஆம் நாள், 75ஆம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் கிமுரா காலமானார். அதற்கு ஏழு மாதங்கள் கழித்து, அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில் ஹீலியோவின் மகன் ரொய்ஸ் கிரேசி தம்மைவிடப் பெரிய உருவங்களை வரிசையாக மடக்கி வென்றார். பிரேசில் ஜியு-ஜிட்சு உலகெங்கும் பரவத் தொடங்கியது அதன் பிறகுதான். நம் நாட்டுக் கடைவீடுகளின் மாடிகளிலும் பாய்கள் விரிக்கப்பட்டன. அந்தக் கலையோடு சேர்ந்து கிமுராவின் பெயரும் நாடு நாடாகப் போயிற்று. அதைக் காண அவர் இல்லை. 1999இல் கசுஷி சகுராபா என்ற ஜப்பானிய வீரர் ரொய்லர் கிரேசியையும், 2000இல் ரென்சோ கிரேசியையும் இதே பிடியில் வீழ்த்தினார். ரென்சோவும் ஹீலியோவைப் போலவே தட்ட மறுத்தார், மூட்டு விலகியது.

இன்று பிரேசிலிலும் கோலாலம்பூரிலும் பயிற்சியாளர் கிமுரா என்று குரல் கொடுத்தால் எந்தப் பிடி என்று பாயில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கோடோகனின் நுட்பப் பட்டியலில் மட்டும் அதன் பெயர் இன்னும் உடே-கராமி.